விருந்தும் வழிபாடும்

கல்வியின் பொருட்டுக் கடல் கடத்தல் இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இல்லை. சிற்றூர்களிலிருந்தும் நம் மாணவர் பலர் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்கின்றனர். அவ்வாறு சென்ற நம் முன்னாள் மாணவர் ஒருவர் நமக்கு மடல் எழுதியிருந்தார். உடன் பயிலும் ஆங்கில நண்பர் கிறிஸ்துமஸ் விருந்திற்குத் தம் இல்லத்திற்கு அழைத்துள்ளார் என்றும், ஊரிலுள்ள பெரியவர்கள் போகலாகாது எனத் தடுக்கின்றனர் என்றும், தாம் செய்யத்தக்கது யாது என்றும் கேட்டிருந்தார். இவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆதலின் நம் கருத்தை இம்மலரில் வெளிப்படையாக உரைக்க விழைகின்றோம்.

முதற்கண் அந்நாளின் இயல்பை அறிதல் வேண்டும். நம் நாட்டில் திருநாள் என்றால் தெருவெல்லாம் மக்கள் வெள்ளம். இங்கிலாந்தில் டிசம்பர் 25 இதற்கு நேர்மாறானது. அன்று தொடர்வண்டிகள் ஓடுவதில்லை என்றே கூறலாம். இலண்டன் மாநகரின் சுரங்க இரயில்களும் பேருந்துகளும் நின்றுவிடுகின்றன. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கலாகாது என்று 2004ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. உடன் பயில்வோர் தத்தம் வீடு சென்றுவிட, மாணவர் விடுதி வெறிச்சோடிக் கிடக்கும். பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். அந்நாளில் ஓர் அறையில் தனித்திருக்கும் அயல்நாட்டு மாணவரைத் தம் வீட்டிற்கு அழைப்பவர், அவருடைய தனிமையைப் போக்கவே அழைக்கின்றார்.

அவ்வில்லத்தில் நிகழ்வது யாது? வழிபாட்டை விரும்புவோர் முன்னிரவிலோ காலையிலோ தேவாலயம் சென்று வருவர். நண்பகலுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து வான்கோழி இறைச்சியும் சுட்ட உருளைக்கிழங்கும் உண்பர். 1932ஆம் ஆண்டு வானொலியில் தொடங்கிய மன்னரின் கிறிஸ்துமஸ் உரையை, இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் கேட்பர். வழிபாடு வேறு; விருந்து வேறு. முன்னதில் பங்கு கொள்ளாமலே பின்னதில் பங்கு கொள்ள இயலும்.

எனினும் பெரியவர்களின் அச்சத்தைப் பொருளற்றது எனத் தள்ளிவிட நாம் ஒருப்படோம். மார்க்க அறிஞரிடையேயும் இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மேசையில் வைக்கப்படும் இறைச்சி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதாக இராது. புட்டிங்கின் மீது பிராந்தியை ஊற்றிக் கொளுத்துதல் அவர்தம் வழக்கம். மின்ஸ் பை என்னும் பலகாரத்தில் விலங்குக் கொழுப்பும் மதுவும் சேர்வதுண்டு. ஆயின் இவை யாவும் முன்கூட்டியே உரைத்தால் தீரக்கூடியவை. ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டால் மீனோ காய்கறியோ தனியே சமைத்து வைப்பர். மன்னர் உரை முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் மஃரிபு வந்துவிடும். தொழுவதற்குச் சிறிது இடம் கேட்டால் மறுப்பார் அரியர். சொல்லாதிருந்துவிட்டு மேசையில் அமர்ந்து முகம் சுளித்தலே விருந்தளித்தோரைப் புண்படுத்துவதாகும்.

நம் வரலாற்றிலேயே இதற்கு வழிகாட்டல் உண்டு. கி.பி. 615ஆம் ஆண்டளவில், மக்காவில் துன்புறுத்தப்பட்ட தம் தோழர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபிசீனியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி கிறிஸ்தவர். அவரது அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள். ஈசா நபியைப் பற்றி வினவியபோது, அவர் இறைவனின் அடியார், தூதர் என்று தம் நம்பிக்கையை ஒளிக்காமல் உரைத்தார்கள். புகலிடம் தந்த மன்னருக்காக மாற்றியும் கூறவில்லை. அவர் சமயத்தை இழித்தும் பேசவில்லை. மன்னரும் அவர்களைக் குறைஷியரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

விருந்துக்கு அஞ்சி ஒதுங்குவோரும், விருந்தில் தம்மை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உண்போரும் இருவேறு திசையினர் போலத் தோன்றுவர். இருவரிடத்தும் உள்ள குறை ஒன்றே: தாம் யார் என்பதைப் பணிவுடன் எடுத்துரைக்கும் துணிவு இருவருக்கும் இல்லை. அத்துணிவைப் பிள்ளைக்குத் தந்து அனுப்புதலே பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்க காவல். தடையுத்தரவு கடல் கடந்து நெடுநாள் செல்லாது.

1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் ரமலான் மாதத்தினுள் அமைந்தது. 2031இல் மீண்டும் அவ்வாறே அமைய உள்ளது. அன்று இங்கிலாந்தில் பயிலும் நம் மாணவர் நோன்பு வைத்திருப்பார். அவரது தட்டு அந்தி வரை காத்திருக்கும். அதற்காக நட்பு குறைந்துவிடுமா என்ன?

ஆகவே அம்மாணவருக்கு நாம் எழுதிய விடை இதுதான்: செல்க, வெறுங்கையுடன் செல்லற்க, உண்ணத்தகாததை முன்பே உரைத்துவிடுக, தொழுகையைத் தவறவிடற்க. நோன்புப் பெருநாள் வரும்போது அந்நண்பரை உமது அறைக்கு அழைத்து, இருக்கும் ஒற்றை அடுப்பில் நெய்ச்சோறு ஆக்கி, முதல் அகப்பையை அவர் தட்டில் இடுக.