பிழைக் காசும் பாட வேறுபாடும்: தொல்காசு வாசிப்பில் பேணத்தக்க அளவுகோல்

முன்னுரை

அச்சிடும்போது பிழை நேர்ந்த காசுகளையும் பதக்கங்களையும் தேடித் திரட்டுவது, உலகெங்கும் நாணயச் சேகரிப்பில் தனியொரு பிரிவாக வளர்ந்துள்ளது. குறையற்ற காசைவிடக் குறையுடைய காசு பன்மடங்கு விலைபோவது அச்சந்தையின் இயல்பு. ஆய்வு நூல்களிலோ நிலை வேறு. அட்டவணைகளில் தெளிவான படியே படமாக இடம்பெறுகிறது. பிழையுடைய படி ‘சிதைந்தது’ என்னும் ஒரு சொல்லோடு ஒதுக்கப்படுகிறது. வணிகர் பிழையை அருமைப்பொருளாகக் காண்கின்றனர். ஆய்வாளர் அதைக் குறையாகக் காண்கின்றனர். இரு சாராரும் அதைச் சான்றாகக் காணத் தவறுகின்றனர். தமிழி எழுத்துப் பொறித்த காசுகளை மொழி வரலாற்றுக்கு ஆதாரமாகக் கொள்ளும் தமிழாய்வுக்கு இத்தவற்றால் நேரும் இழப்பு பெரிது.

பிழையின் மூவகை

நாணயவியலார் பிழைகளை வில்லைப் பிழை, அச்சுப் பிழை, அடிப்புப் பிழை என மூன்றாகப் பகுப்பர். காசாக்கப்படும் உலோக வில்லை அளவில் சிறுத்தோ ஓரம் வெட்டுண்டோ இருப்பது முதல்வகை. உருவும் எழுத்தும் செதுக்கிய அச்சிலேயே குறை இருப்பது இரண்டாம்வகை. வில்லையும் அச்சும் செம்மையாக இருந்தும், அடிக்கும் கணத்தில் வில்லை விலகுவதாலோ இருமுறை அடிபடுவதாலோ நேர்வது மூன்றாம்வகை.

1955இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சென்ட் காசு சிலவற்றில் எழுத்துகளும் ஆண்டும் இரட்டித்துத் தோன்றுகின்றன. அச்சை உருவாக்கும்போதே இரட்டிப்பு நேர்ந்துவிட்டதால், அவ்வச்சில் அடித்த காசுகள் அனைத்திலும் அதே பிழை ஒரே வடிவில் அமைந்துள்ளது. 1937இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஐந்து சென்ட் காசு சிலவற்றில் எருமைக்கு மூன்று கால்களே உள்ளன. அச்சை அளவுமீறித் தேய்த்து மெருகேற்றியதால் ஒரு கால் மறைந்தது. இவை அச்சுப் பிழைகள். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அக்காசின் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிவது அடிப்புப் பிழை. உரோமானியக் காசுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது.

அச்சுப் பிழை ஓர் அச்சின் காசுகள் அனைத்திலும் மீள்கிறது. அடிப்புப் பிழை அந்தந்தக் காசோடு முடிகிறது. சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. மூல ஏட்டின் பிழை அதன் வழிவந்த படிகளில் எல்லாம் தொடர்கிறது. ஓர் எழுத்தாளரின் கைப்பிழை அவரது ஏட்டிலும் அதன் வழிப்படிகளிலும் மட்டும் நிற்கிறது. பல ஏடுகளுக்குப் பொதுவான பிழை அவற்றின் உறவை உணர்த்துவதுபோலப் பல காசுகளுக்குப் பொதுவான பிழை அவை ஒரே அச்சில் பிறந்தமையை உணர்த்துகிறது.

ஏரண் காசு தரும் பாடம்

பிழையைப் பிழையென ஆராயாது கொள்ளும் முடிவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்து ஏரணில் கிடைத்த செப்புக்காசு தக்க சான்று. கன்னிங்காம் வெளிப்படுத்திய அக்காசில் தமபாலன் என்னும் அரசனின் பெயர் பிராமி எழுத்தில் வலமிருந்து இடமாக அமைந்துள்ளது. பிராமி செமிட்டிய எழுத்திலிருந்து பிறந்தது என்னும் கொள்கையை நிறுவ முயன்ற கியோர்க் பியூலர், பிராமி ஒருகாலத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்பதற்கு இக்காசைச் சான்றாக்கினார். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காசில் நேராகப் பதியும். செதுக்குவோன் அதனை மறந்து நேராகச் செதுக்கினால் காசில் எழுத்து மாறிவிழும். பின்வந்த அறிஞர் பலர் ஏரண் காசின் வாசகத்தை இவ்வாறே விளக்கினர். ஒரு கம்மியனின் கவனக்குறைவாக இருக்கக்கூடிய ஒன்று, ஓர் எழுத்துமுறையின் தோற்றத்துக்கே சான்றாக நின்றது.

பிழை என்னும் விளக்கத்தையும் ஆராயாது ஏற்றல் கூடாது. பியூலரின் காலத்துக்குப் பின்னர் அறியப்பட்ட எர்ரகுடி அசோகர் கல்வெட்டில் சில வரிகள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. கல்லில் செதுக்குவோர்க்கு எழுத்தை மாற்றிச் செதுக்கும் தேவை இல்லை. ஆதலின் அங்கு அச்சுப் பிழை என்னும் விளக்கம் பொருந்தாது. ஏரண் காசு எதை மெய்ப்பிக்கிறது என்பதைவிட, தனிக்காசு ஒன்று ஒரு கொள்கையின் சுமையைத் தாங்காது என்பதே அது தரும் பாடம்.

புள்ளியும் அச்சுக் குழியும்

தமிழ்ச் சூழலில் இப்பாடம் உடனடித் தேவையுடையது. சேரரின் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்பொறை’ காசுகளும் பாண்டியரின் ‘பெருவழுதி’ காசும் சங்ககால வரலாற்றுக்கும் எழுத்து வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகள். தமிழி எழுத்தின் காலநிலைகளை வரையறுப்பதில் புள்ளியின் வரவு முக்கிய அடையாளம். மெய்க்கும் எகர ஒகரங்களுக்கும் புள்ளி பெறுதலைத் தொல்காப்பியம் விதிக்கிறது. ஆகவே சிறு காசொன்றில் தென்படும் புள்ளி அதன் காலக்கணிப்பையே மாற்றக்கூடும்.

அச்சில் துருவாலோ தேய்வாலோ ஏற்படும் சிறு குழி, காசில் மேலெழுந்த புள்ளியாகவே பதியும். புள்ளிபோல் காண்பது எழுத்துமுறையின் கூறா, அச்சின் குழியா என்பதை ஒரு காசை மட்டும் நோக்கி முடிவு செய்ய இயலாது. ஓரச்சில் பிறந்த காசுகளில் மட்டும் புள்ளி காணப்பட்டு, அதே வாசகமுடைய பிற அச்சுகளின் காசுகளில் காணப்படாதாயின் ஐயம் எழவேண்டும். வெவ்வேறு அச்சுகளில் ஒரே எழுத்தின்மேல் புள்ளி மீளுமாயின் அதனை எழுத்துமுறையாகக் கொள்ளலாம். அச்சைவிட வில்லை சிறுத்ததால் ஈற்றெழுத்து விடுபட்ட வாசகத்தை ஈறுகெட்ட வடிவமாகவோ வட்டார வழக்காகவோ கொள்வதும் இத்தகைய தவறே.

முகப்பும் பின்புறமும் பொருந்தா இணையாக அமைவது மற்றொரு பொறி. 2008இல் பிரித்தானிய நாணயங்களின் வடிவம் மாற்றப்பட்டபோது இருபது பென்சு காசின் ஆண்டு பின்புறத்திலிருந்து முகப்புக்கு இடம் மாறியது. பழைய முகப்பச்சும் புதிய பின்புற அச்சும் தவறுதலாக இணைந்ததால் ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. அவற்றின் எண்ணிக்கை 50,000 முதல் 200,000 வரை என மதிப்பிடப்பட்டது. ஆவணம் இருப்பதால் இன்று உண்மை தெரிகிறது. ஆவணமற்ற தொல்காசில் இத்தகைய இணைவு நேர்ந்திருப்பின், இரு மன்னர் கூட்டாட்சி எனவோ ஒருவர் மற்றவருக்கு அடங்கியவர் எனவோ பொருள்கொள்ள இடமாகும்.

மறுப்பும் வரையறையும்

கொள்கைக்கு இடையூறான காசையெல்லாம் ‘பிழை’ என ஒதுக்கும் வாய்ப்பு இதனால் உருவாகாதா என்னும் வினா எழலாம். அவ்வச்சம் நியாயமானதே. சுவடிப் பதிப்பிலும் புரியாத பாடத்தைப் பிழையெனத் திருத்தியோர் உண்டு. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்தமையால்தான் பின்வந்தோர் மறுசிந்தனை செய்ய முடிந்தது. காசுக்கும் அந்நெறி பொருந்தும். எந்நிலையில், எவ்வாறு நேர்ந்தது என விளக்க இயலாத ஒன்றைப் பிழை எனல் கூடாது. பிழை எனக் கருதினும் அதனைப் பதிவிலிருந்து நீக்கல் கூடாது.

இதற்கு வேண்டுவன சில. காசு அட்டவணைகள் சிறந்த படியோடு குறையுடைய படிகளையும் இருபுறப் படங்களுடன் தரவேண்டும். எடை, விட்டம், முகப்புக்கும் பின்புறத்துக்கும் உள்ள திசையுறவு, அச்சு அடையாளம் ஆகியன ஒவ்வொரு காசுக்கும் பதிவாக வேண்டும். தனிக்காசில் மட்டும் காணும் எழுத்து வடிவம் ‘உறுதி பெறாதது’ எனக் குறிக்கப்பட வேண்டும். கருவூர் அமராவதியிலும் மதுரை வையையிலும் கிடைத்த காசுகள் பல தனியார் சேகரிப்பின் வழியே ஆய்வுக்கு வந்தவை. எனவே சேகரிப்பாளரின் துணை இன்றியமையாதது. அதேவேளை, பிழைக்கு விலை உண்டு என்பதனால் நல்ல காசை நசுக்கியும் அமிலத்தில் இட்டும் பிழைக் காசாக்கும் போலிமையும் சந்தையில் உண்டு. கிடைத்த இடமும் உடன் கிடைத்த காசுகளும் பதிவாகாத பிழைக் காசு, விலை மிகுந்திருப்பினும் சான்று மதிப்பில் குறைந்ததே.

முடிவுரை

செம்மையான காசு அரசன் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது. பிழைக் காசு அக்கசாலையில் நிகழ்ந்ததைச் சொல்கிறது. ஏட்டுப் பிழைகளைக் கொண்டே ஏடுகளின் வரலாற்றை அமைக்கப் பயின்ற தமிழ்ப் பதிப்பியல், அதே பயிற்சியைக் காசுகளிடமும் செலுத்துமாயின், தமிழி எழுத்தின் காலநிலை பற்றிய முடிவுகள் உறுதியான அடித்தளம் பெறும்.