நாற்பதில் தெரிந்தால் என்ன குறைச்சல்?

"ஆட்டிசம் உள்ளவருக்கு அடுத்தவர் மனசு புரியாது, அவர் மனநல ஆலோசகராக இருக்கலாமா?" என்கிறார் நண்பர். ரமணாசிரமப் பக்கத்துக்காரர் என்பதால், "'நான் யார்' என்று விசாரித்தால் போதாதா, நாற்பது வயதில் ஆட்டிசப் பரிசோதனை எதற்கு?" என்றும் கேட்கிறார்.

ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையின் ஹாரன் சத்தம் மண்டையைப் பிளக்க, ஆலோசனை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு, அந்தச் சோர்வின் காரணம் தெரிந்தாக வேண்டும். ஆன்ம விசாரம் அதைச் சொல்லாது. சொல்வதாக ரமணரும் வாக்களிக்கவில்லை.

அடுத்தவர் மனசு புரியாது என்பதற்கு வருவோம். ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் புரியாமை உண்டு என்று 2012லேயே வாதிட்டார் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர்தான். வயதைப் பொறுத்தவரை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. அது குழந்தைகளுக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை.

ஆலோசகரின் தகுதியை, அவரிடம் வந்துபோகிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.