காரைக்கால் பிள்ளைகளுக்கு நாடக வேளை: கோரிக்கைச் சாசனம்

காரைக்கால் மாவட்டப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் நாடகக்காரர்களுமாகிய நாங்கள், புதுவை அரசின் கல்வித் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் முன்வைப்பது:

வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லவே குரல் எழும்பாத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். விடை தெரியும், கை உயராது. அதட்டியும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். அதே பிள்ளையின் முகத்தில் அட்டை முகமூடியைக் கட்டி, 'நீதான் நரி' என்று சொல்லிவிட்டால் நரி ஊளையிடுகிறது. அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? ஒத்திகை சொல்லித்தருவது குரலை மட்டுமன்று. எதிரில் நிற்பவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வசனம் மறந்தவனுக்குச் சபைக்குத் தெரியாமல் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். நேற்றுச் சண்டை போட்டவனோடு இன்று ஒரே கயிற்றை இழுக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் இதைப் பழக்குவதில்லை.

நாங்கள் கேட்பது புதிய சலுகை இல்லை. எங்கள் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன. ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளை கலைக் கல்விக்கு என்று அந்த வாரியம் 2019இலேயே சொல்லிவிட்டது. இசை, நடனம், ஓவியத்தோடு நாடகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்த இரண்டு வேளையைக் கணக்கோ அறிவியலோ விழுங்கக் கூடாது. இது முதல் கோரிக்கை.

நடத்த ஆள் வேண்டும். காரைக்கால் நகராட்சிக்கு ஒருவர். கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன்களுக்கும் தலா ஒருவர். ஆக ஆறு முழுநேர நாடக ஆசிரியர்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகம் படித்து வெளிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்துதான் சிறுவர் நாடகக்காரர் வேலு சரவணன் தம் 'ஆழி' குழுவோடு பள்ளி பள்ளியாகப் போய், பார்க்கவந்த குழந்தைகளையும் நாடகத்துக்குள் இழுத்துக்கொண்டார். அவருடைய 'கடல்பூதம்' பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் கடலோரப் பிள்ளைகள் முன் நடக்க வேண்டிய நாடகம். ஆனால் புதுவை எங்களுக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல். சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகளை அங்கே வரச் சொல்லாதீர்கள், கலைஞர்களை இங்கே அனுப்புங்கள். அதே பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்தில் வகுப்பாசிரியர்களுக்கு ஒரு குறுகிய நாடகப் பயிற்சியும் தொடங்குங்கள்.

முடியுமா என்று தயங்குவோருக்கு: கடலுக்கு அப்பால் இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பரீட்சைப் பாடமாகவே இருக்கிறது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் அதற்காக உழைத்தார்கள்.

பிள்ளைகளை மேடையேற்றுவது நம் பக்கமும் பழைய வழக்கம்தான். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை தொடங்கியவர். 1922இல் மறைந்தது புதுவையில். அந்தக் காலத்துப் பாலர் சபைகள் பெரும் நடிகர்களைத் தந்தன, உண்மை. ஆனால் பையன்கள் வீட்டையும் படிப்பையும் விட்டல்லவா மேடைக்கு வந்தார்கள். எங்களுக்கு அது வேண்டாம். ஒத்திகை பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளையும் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையும் விடுபடக் கூடாது. ஒத்திகையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்.

இதில் போட்டியும் பரிசுக் கோப்பையும் வேண்டாம். சிவப்பாக இருப்பவன் ராஜா, கறுப்பாக இருப்பவன் அரக்கன் என்று வேஷம் பிரிக்கும் ஆண்டுவிழா வழக்கம் ஒழிய வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் பேசும் வேஷமே தர வேண்டும். ஓரத்தில் மரமாக நிறுத்தக் கூடாது.

ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் எங்கள் ஊரே மேடையாகிறது. காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் கல்யாணம் முதல் பிட்சாடனர் வீதியுலாவரை தெருவில் நின்று பார்த்து, இறைக்கும் மாம்பழத்துக்கு முண்டியடித்து வளரும் பிள்ளைகள் இவர்கள். கதை இவர்களுக்குப் புதிதில்லை.

ஆறு பணியிடங்களுக்கான அரசாணை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் வெளிவர வேண்டும். அதுவரை, இந்தக் கோடை விடுமுறையிலேயே கொம்யூனுக்கு ஒரு பத்து நாள் முகாம் நடத்த அரசுப் பள்ளிக் கூடங்களைத் திறந்து கொடுங்கள். பாயும் தண்ணீரும் மதியச் சாப்பாடும் நாங்கள் கொண்டுவருகிறோம்.