சுண்டைக்காய்க்குச் சுமைகூலி

2025 ஆகஸ்ட் 25 அன்று நம்மூர் அஞ்சலகங்களில் அமெரிக்காவுக்கான பார்சல் பதிவு நின்றது. கடிதங்களும், 100 டாலருக்கு மேற்படாத அன்பளிப்புகளும் போகலாம் என்றார்கள். சில நாள்களில் அதுவும் நின்றது. நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தீபாவளித் துணி அனுப்ப நினைத்தவருக்கும், இணையத்தில் சுங்குடிச் சேலை விற்பவருக்கும் ஒரே பதில்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்காவில் இருந்துவந்த சுங்க விலக்கை, டிரம்ப் அரசு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியதே காரணம். சீனா, ஹாங்காங் சரக்குகளுக்கு மே 2-ஆம் தேதியே நிறுத்தியாயிற்று. வரி உண்டு என்று சொன்னார்களே தவிர, அதை யார், எங்கே வாங்கிக் கட்டுவது என்பதில் தெளிவில்லை. 88 அஞ்சல் நிறுவனங்கள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து ஒரே வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்ததாக சர்வதேச அஞ்சல் ஒன்றியம் கணக்குச் சொன்னது.

அந்த விலக்கு தாராள மனத்தில் பிறந்ததல்ல. 1938-ல் அதை ஒரு டாலர் வரம்போடு கொண்டுவந்தபோது இருந்தது கறாரான கணக்கு: வசூலிக்கும் செலவு வரியை விழுங்கிவிடுமானால், அந்த வரியை விட்டுவிடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். 2016-ல் வரம்பு 200 டாலரிலிருந்து 800 ஆனது. கைப்பேசிக்குள் கடை வந்த காலமும் அதுவே. 2015-ல் சுமார் 14 கோடியாக இருந்த வரியில்லாப் பொட்டலங்கள் 2024-ல் 136 கோடியாகப் பெருகின.

கன்டெய்னரில் சட்டைகளை இறக்குமதி செய்து கிடங்கில் வைத்து விற்பவர் வரி கட்டுகிறார். அதே சட்டையை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு வாங்குபவர் வீட்டுக்கே அனுப்பும் ஷீஇன், டெமு போன்ற இணையக் கடைகள் கட்டவில்லை. அமெரிக்க ஆலைக்காரர்களின் இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. விலக்கை எடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. சுமைகூலியை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வரி, பொருளின் விலையோடு ஏறி இறங்கும். சுமைகூலி அப்படியல்ல. துணி எந்த நாட்டது, தைத்தது எங்கே, எந்தச் சுங்க எண்ணில் வரும் என்று எழுதும் வேலை 15 டாலர் சட்டைக்கும் 1,500 டாலர் கேமராவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. தனியார் கூரியர்கள் அதற்குக் கட்டணம் போடும்போது அடி விழுவது மலிவான பொருள் வாங்குபவர்மீது. விலக்கை நீக்கினால் ஏழைகள் வாழும் பகுதிகளே விகிதத்தில் அதிகம் இழக்கும் என்று பொருளாதார அறிஞர்கள் பாப்லோ ஃபாஜெல்பாம், அமித் கண்டேல்வால் முன்பே எழுதியிருந்தார்கள்.

அஞ்சலுக்கு முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டு வழிகள் விட்டார்கள்: மதிப்பில் இத்தனை சதவீதம், அல்லது பொருளுக்கு 80, 160, 200 டாலர் என்று நாட்டைப் பொறுத்த நிலையான தொகை. அப்போது 50 சதவீத வரியிலிருந்த இந்தியாவுக்கு 200. அதாவது 60 டாலர் சேலைக்கு முதல் வழியில் 30 டாலர். இரண்டாவது வழியில் சேலை விலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! நல்லவேளையாக, அக்டோபர் 15-ல் சேவையை மீண்டும் தொடங்கிய நம் அஞ்சல் துறை முதல் வழியை எடுத்தது. கூடுதல் சேவைக் கட்டணமும் இல்லை என்றது. அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகும் வரியை நம்மூர் அஞ்சலக எழுத்தர் முன்கூட்டியே வாங்கி வைப்பது விநோதம்தான். ஆனாலும், வாங்கியவர் வாசலில் போய் பில் நீட்டுவதைவிட இது மேல்.

அமெரிக்காவைக் குறை சொல்லும் நாமும் இந்த வழியில் நடந்தவர்களே. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு வரியில்லை என்ற சலுகையைப் பிடித்துக்கொண்டு சீன விற்பனைத் தளங்கள் விற்ற சரக்கையெல்லாம் ‘அன்பளிப்பு’ ஆக்கின. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்தோம். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்குக் கிடையாது. அந்த விதியை எழுதிய அதிகாரிக்கு எத்தனை தங்கைகளோ.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. 2023 முதல், 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருள்களுக்கான ஜிஎஸ்டியை, பணம் கட்டும் திரையிலேயே வெளிநாட்டுப் பெருவிற்பனையாளரே வாங்கிக் கட்டுகிறார். அது விற்பனை வரி என்பதால் நாடு, நூல் என்ற ஆராய்ச்சி வேண்டாம். அமெரிக்கச் சுங்கத்துக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை. ஆனால், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலருக்குக் கீழ் நேரடியாக விற்பவர் பதிவே செய்யத் தேவையில்லை என்ற ஏற்பாட்டை யாரும் கடன் வாங்கலாம். ஷீஇன் மாட்டிக்கொள்ளும், சுங்குடிச் சேலை விற்கும் சின்னாளப்பட்டிக்காரர் தப்பிப்பார்.

அமெரிக்காவில் நிர்வாக ஆணையால் நின்ற விலக்கு 2027 ஜூலை 1 முதல் சட்டத்திலிருந்தே நீங்குகிறது. முன்பு யாருக்கும் பிரித்துப் பார்க்க நேரமில்லாத 136 கோடிப் பொட்டலங்களில் எத்தனை மிஞ்சினாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் எழுதியாக வேண்டும். எழுதும் கூலிக்கு உச்சவரம்பு என்ன என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.