உசிலையை விறகுக்கு விற்காதீர்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், வரப்பில் மரம் வைப்பது என்றால் இன்று முதலில் கேட்பது தேக்கு அல்லது மகாகனிக் கன்று. மகாகனி அமெரிக்க மண்ணின் மரம். அதை நடுவதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு இடம் வேண்டும் என்று, தானாக முளைத்து வளர்ந்த உசிலையையும் இலுப்பையையும் வெட்டி விறகுக்கு அனுப்புவது நஷ்டக் கணக்கு என்பதே என் கருத்து.

ஜவ்வாது, கல்வராயன், பச்சைமலை அடிவாரங்களில் உசிலை சர்வ சாதாரணம். துரிஞ்சி என்றும் சொல்வார்கள். இதன் இலையை உலர்த்தி இடித்தால் கிடைப்பதே அரப்புத் தூள். மரத்தை விற்றுவிட்டு, அந்தத் தூளைக் கடையில் பொட்டலமாக வாங்கி எண்ணெய்த் தலைக்குத் தேய்க்கிறோம்! இம்மரம் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகள் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். தழையை நெல் வயலில் போட்டு மிதிக்கலாம். கோடையில் புல் காய்ந்தபின் ஆடுகளுக்கும் அதுவே தீனி. வெட்டி விற்றால் ஒரு முறை பணம். கிளையைக் கழித்து வந்தால் ஆண்டுதோறும் தழை.

வரப்பு மரத்தின் நிழல் பயிரை அமுக்கும் என்று விவசாயிகள் சொல்வது உண்மையே. நிலக்கடலை விதைக்கும் முன் கிளைகளைக் கழித்துவிட்டால் நிழல் குறையும். உசிலை மீண்டும் நன்றாகத் தழைக்கும்.

இலுப்பை அப்படிப்பட்டதல்ல. பெரிதாகப் படரும், வரப்பைவிட ஏரிக்கரைக்கும் களத்து மேட்டுக்கும் ஏற்றது. காய்க்கப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதனால்தான் யாரும் நடுவதில்லை. தாத்தா வைத்ததைப் பேரன் வெட்டுவதோடு சரி. கோயில் விளக்குக்கு இதன் எண்ணெய் எரிந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 2.5 சதவீதம், வேப்பம் பிண்ணாக்கில் 5.2 சதவீதம். உரமாக மட்டும் பார்த்தால் வேம்புதான் மேல். ஆனால் இலுப்பைப் பிண்ணாக்கில் சோப்பு போல் நுரைக்கும் நச்சுப்பொருள் உண்டு. அதை மாடுகளுக்கு அப்படியே வைக்கக் கூடாது. மீன் வளர்க்கும் குட்டையில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலையில் வேங்கையும் உண்டு. அதன் கட்டையில் கடைந்த குவளையில் நீர் ஊறவைத்து நீரிழிவுக்குக் குடிப்பார்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இலுப்பை விதை முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். ஆனி, ஆடியில் விழும் பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கி, ஓரிரு வாரத்துக்குள் பையில் விதைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்தால் வீண். உசிலைக்கு இவ்வளவு பாடு இல்லை. வரப்போரம் தானாக முளைத்த கன்று இருந்தால் உழும்போது ஏரை ஒதுக்கி ஓட்டி, ஆடு கடிக்காமல் இரண்டு ஆண்டுகள் முள் கட்டி வைத்தால் போதும்.