நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஒரே கரையாக எழுவோம்!



மாசி முடிகிறது. பங்குனி, சித்திரையில் கள்ளக்கடல் ஏறும். அது வடிந்து மூச்சு விடுவதற்குள் ஆனி, ஆடி வந்துவிடும். கடல் ஏறிய மறுநாள் வழக்கம்போல வண்டிகள் வரும். வருபவர்கள் செருப்பு நனையாத இடமாகப் பார்த்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், "கல் போட ஏற்பாடு செய்கிறோம்" என்பார்கள். நாமும் ஊர் ஊராகக் கல்லுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் வரை காத்திருப்போம். இந்த முறை அது வேண்டாம். கடல் ஏறுவதற்கு முன்னால் கூடுவோம், கன்னியாகுமரி மாவட்டக் கரையின் எல்லா ஊரும் சேர்ந்து கூடுவோம். அதற்குத்தான் இந்த அழைப்பு.

கள்ளக்கடல் எப்படி வருகிறது என்று வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் பல ஆயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே, அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடலில், சில நாட்களுக்கு முன்பு ஒரு புயல் அடித்திருக்கும். அது கிளப்பிவிட்ட அலைதான் நம் கரைக்கு வந்து சேர்கிறது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் பதினைந்து நொடி வரை இடைவெளி இருப்பதால் நீளமாக வரும், கரையில் உடைந்த பிறகும் உள்ளே ஏறும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு சேர்ந்துவிட்டால் தெருவுக்குள் தண்ணீர் நிற்கும். 2024 மே தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. ஆனாலும் மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் செத்தார்கள். ஹைதராபாத்திலிருந்து புறப்பட்ட எச்சரிக்கை அந்த மணலில் நின்ற பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது?

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருப்பதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை சொல்கிறது. ஒரு சாண். ஒரு சாண்தானே என்று நாகர்கோவிலில் இருப்பவர் நினைக்கலாம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே ஒரு சாண் என்பது வாசல்படிக்கும் அடுக்களைக்கும் உள்ள தூரம்.

அழிக்காலிலோ பிள்ளைத்தோப்பிலோ கடல் ஏறி வடிந்த ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தண்ணீர் போய்விட்டிருக்கும், மணல் போயிருக்காது. கட்டிலின் பாதி கால் மணலுக்குள் இருக்கும். பெண்கள் சட்டியாலும் மண்வெட்டியாலும் அள்ளி அள்ளித் தெருவில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். கக்கூஸ் தொட்டி நிரம்பி வெளியே வழிந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வள்ளத்தின் பதிவுப் புத்தகம் எல்லாம் ஒரே பாலித்தீன் பையில் கட்டி உத்தரத்தில் தொங்கும், அதை மட்டும் முன்யோசனையாகச் செய்திருப்பார்கள். நிவாரணக் கணக்கில் இடிந்த சுவருக்கு ஏதோ ஒரு தொகை வரலாம். உப்பான கிணற்றுக்கும், மணல் அள்ளிய மூன்று நாள் மீன் விற்கப் போகாத அக்காமாரின் கூலிக்கும் கணக்கில் கட்டமே கிடையாது.

எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிட்டு நம்மூர் அதிகாரம் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது. கடல் உயர்வது உண்மை. கரை தாழ்ந்ததும் உண்மைதான். முன்பு வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் மணல்மேடு இருந்தது. கரைமடி இழுத்தோம், வலை காயப்போட்டோம், பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழகக் கரையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அரிப்பில் இருப்பதாகச் சொல்கிறது. மணல் எங்கே போனது?

கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டிய இடம் இது. மணல் ஓர் இடத்தில் நிற்காது. கரையோரமாகப் பருவத்துக்குப் பருவம் நடந்துகொண்டே இருக்கும். நடுவில் கடலுக்குள் நீட்டிக் கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பள்ளமாகும். ஓர் ஊர் இப்படி நீட்டிய தூண்டில் வளைவு அடுத்த ஊரின் கரையைத் தின்கிறது. தின்னப்பட்ட ஊர் தனக்கும் ஒன்று கேட்கிறது. கேரள எல்லைக்கு அந்தப்புறம் பொழியூர்க்காரர்கள் நம் பக்கத்துக் கல்லைக் காட்டித்தான் புலம்புகிறார்கள். அவர்கள் மாநிலம் வேறு, பிடிக்கிற மீன் ஒன்றுதானே? இந்தக் கல்லுக்காக மலையை உடைத்து லாரி லாரியாகக் கொண்டுவருகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தக்காரருக்குச் சேதாரமில்லை. கல் கடலில் இறங்கினாலும் பில் தொகை கரையேறிவிடும்.

கல்லே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அஸ்திவாரத்தில் அலை மோதும் வீட்டுக்காரரிடம் போய் "மணல் இயற்கையாகச் சேரும், பொறுங்கள்" என்று பேச எனக்கு வாய் வராது. எங்கே சுவர் வேண்டும், எங்கே மணலைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும், எங்கே எதையும் தொடக் கூடாது என்பதை மொத்தக் கரையையும் ஒன்றாக வைத்து முடிவு செய்யுங்கள் என்கிறேன். ஊருக்கு ஊர் வாக்குக்குத் தகுந்தபடி கல்லைப் பங்கு வைப்பதை நிறுத்துங்கள்.

இதற்கு நடுவில்தான் மிச்சமிருக்கும் மணலையும் அள்ளப் பார்க்கிறார்கள். கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது. நம்மிடம் கேட்டால் வேண்டாம் என்போம், அதனால் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் மணல்மேட்டை அள்ளுவதும் மறுபக்கம் அலைத்தடுப்புச் சுவர் கட்டித் தருவதும் அரசாங்கம்தான் என்பதை ஊர்க்கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பின்பக்கத்தையும் பாருங்கள். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய் நம் மேற்குக் கரை ஊர்களுக்குப் பின்னால் ஓடியது. இன்று பல இடத்தில் தூர்ந்து, குப்பை மூடி, ஆக்கிரமிப்பில் கிடக்கிறது. முன்னால் கடல் ஏற, பின்னால் வடிய வழியில்லாமல் நடுவில் நாம் நிற்கிறோம். ஆக்கிரமித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களோடும் பேச வேண்டும், அது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை.

நம்மால் என்ன முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். 2016-இல் இனயம் துறைமுகத்துக்கு ஒன்றிய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்து நின்றோம். எங்கே அந்தத் துறைமுகம்? ஓகி புயல் அடித்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் இருந்த அந்த வாரம், 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது யார்? வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஊர்ப்பெயர் பார்த்தா உட்கார்ந்தோம்? சாவு வந்த பிறகு ஒன்றானவர்கள், சாவுக்கு முன்னால் ஒன்றாக முடியாதா?

காசு இல்லை என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு நாடு முழுவதற்குமாக அரிப்புத் தடுப்புக்கு 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் வீடிழந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. அதில் நம் கரைக்கு எவ்வளவு வந்தது, யார் கேட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குடியமர்த்தல் என்று சொன்னதும் எட்டு கிலோமீட்டர் உள்ளே அடுக்குமாடியைக் காட்டினால் ஏமாறாதீர்கள். வள்ளம் கிடக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு, வலைக்கும் கருவாட்டுக்கும் இடம், இவை எழுத்தில் வேண்டும். கடலோர மேலாண்மை வரைபடத்தில் நம் குடியிருப்பும் வலை காயப்போடும் மணலும் ஏறியிருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள். 2023-இல் வரைவு வந்தபோது அதில் மீனவக் கிராம விவரங்கள் விட்டுப்போனதென்று மாவட்டம் மாவட்டமாக மீனவர்கள் சண்டை போட்டது நினைவிருக்கும்.

ஆகவே இந்த வாரமே பங்கில் வீடுகள் சேர்ந்து கூடும் ஒவ்வோர் அன்பியக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். ஊருக்கு ஐந்து பேர் கொண்ட குழு போதும், அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். கடல் ஏறும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் பெயின்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். போட்டோவில் நாளும் நேரமும் தெரியட்டும். இன்காய்ஸ் எச்சரிக்கை வந்த அடுத்த நிமிடம் கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடல் பார்க்க வரும் வெளியூர்ப் பிள்ளைகளை மணலில் இறங்க விடாமல் நிறுத்த இளைஞர்கள் முறைவைத்து நிற்கட்டும். முதலில் அடுத்த ஊர்க்காரரிடம் போய்ப் பேசுங்கள், கல் விஷயத்தில் மனக்கசப்பு இருக்கும் ஊராகப் பார்த்துப் போங்கள்.

மே 1 கிராம சபை. உழைப்பாளர் நாள், கள்ளக்கடல் காலம், இரண்டும் ஒன்றாக வருகிறது. அன்று நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை ஒரே தீர்மானம்: மொத்தக் கரைக்கும் ஒரே திட்டம், மணல் அள்ளத் தடை, ஏ.வி.எம். கால்வாயைத் தூர்வாருதல், கரையோடு கூடிய வீட்டுமனை. ஊர்ப்பெயர் மட்டும் மாறட்டும், வாசகம் மாறக் கூடாது. நகராட்சி, பேரூராட்சிக்குள் இருக்கும் ஊர்கள் வார்டு உறுப்பினரை மடக்கி மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முத்திரை வைத்த நகல் கையில் வராமல் ஒருவரும் கூட்டத்தை விட்டு எழும்பாதீர்கள்.