பொறி பெயர்த்த தீர்ப்பு

எம் கொட்டாம்பட்டிப் பக்கத்து உழவர் சிலர் தம் நிலவழக்கின் தீர்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. வழக்கு, மதுரையில் 2004இல் திறக்கப்பெற்ற உயர் நயன்மன்றக் கிளை வரை சென்றிருக்கும். தாளோ முழுவதும் ஆங்கிலம். "ஐயா, தீர்ப்பு நம் பக்கமா, எதிர்ப் பக்கமா?" என்பார்கள். வழக்காடியவர்க்கே தீர்ப்பு விளங்காத நாடு இது!

இக்குறை தீர்க்கவென, உச்ச நயன்மன்றம் 2019 நவம்பரில் 'சுவாசு' என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தமிழும் அதில் உண்டு. விரைவு பெரிது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், மேல்முறையீட்டைக் கேட்க இசைவளித்தோம் என்னும் பொருளில் நடுவர் எழுதும் 'லீவ் கிராண்டட்' என்ற தொடரைப் பொறியொன்று இந்தியில் 'விடுமுறை தரப்பட்டது' எனப் பெயர்த்ததாக, உச்ச நயன்மன்ற நடுவர் ஒருவரே எடுத்துக்காட்டியுள்ளார். நகைக்கலாம், வழக்குக்குரியவன் நகைப்பானா?

பொறி பொருளுணர்ந்து பெயர்ப்பதன்று. தனக்கு ஊட்டப்பெற்ற எழுத்துக் குவியலில் எச்சொல்லோடு எச்சொல் மிகுதியும் வந்ததென அளந்து அடுக்குகின்றது. ஊட்டியது வடசொல்லும் ஆங்கிலமும் விரவிய கலவைநடையாயின், கக்குவதும் அதுவே. (நம் இதழாளர் விதைத்ததைத்தான் பொறி அறுக்கின்றது, பொறியை மட்டும் வைது பயனில்லை.) தொல்காப்பியர் மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தார். நூல் செய்வான் பணியென்றே அதனைக் கருதினார், படியெடுப்பான் பணியென்றல்லர். மாந்தரும் பிழைபடப் பெயர்ப்பர். ஆனால், 'ஏன் இச்சொல்லிட்டாய்?' என அவரை நிறுத்திக் கேட்கலாம். அவர் விடை சொல்லியாக வேண்டும். பொறி பெயர்த்ததை ஓய்வுபெற்ற நடுவர்களும் மொழிபெயர்ப்பாளரும் திருத்தும் ஏற்பாடு வந்ததே இதனாலன்றோ?

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அவ்வாறு திருத்திய தமிழ்ப் பெயர்ப்பிலும், 'இது வழக்காடுவோர் தெரிந்துகொள்ளுதற்கே, வேறெதற்கும் பயன்படாது, ஆங்கிலப் படியே செல்லும்' என்றொரு குறிப்பு ஒட்டப்படுகின்றது. உயர் நயன்மன்றத்தில் தமிழே வழங்குமொழியாதல் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் முடிவியற்றியது. உச்ச நயன்மன்றம் 2012இல் அதற்கு இசைய மறுத்தது. 'பொறிதான் பெயர்த்துத் தருகின்றதே, தமிழில் வழக்காடுவது எதற்கு?' என்று நாளை எவரேனும் கேட்பாராயின், அப்பொறி நமக்கு உதவியன்று, நம் உரிமைக்கு இட்ட தாழ்ப்பாள்.

போன கிழமையும் ஒருவர் தாளோடு வந்தார். ஐந்து பக்கம், படித்துப் பொருள் சொல்ல ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.